கடலில் விழுந்த எங்கள் விமானம்

மலேசிய ஆகாயப்படையில் நான் ஜெட் எஞ்சின் மெக்கானிக்காக இருந்தவன். இப்போதும் ஈப்போ வானத்தில் விமானச் சத்தம் கேட்டால் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிடுவேன்.

ஒரு நாள் காலை நான் சோதித்துக் கையெழுத்துப் போட்ட விமானத்தில் எங்கள் கேப்டன் ஏறினார். எங்களோடு தமிழில் பேசும் ஒரே அதிகாரி அவர். இருக்கைப் பட்டையை நான் இறுக்கும்போது, "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டார். அரை மணி நேரத்தில் எஞ்சின் நின்று விமானம் கடலில் விழுந்தது. பாராசூட்டில் குதித்துப் பிழைத்தவருக்கு முதுகெலும்பு முறிந்தது. பிறகு அவர் பறக்கவே இல்லை.

பறவை மோதியதுதான் காரணம் என்றது விசாரணை. என் மனம் ஏற்கவில்லை. எதையோ சரியாக முடுக்காமல் விட்டுவிட்டேன் என்றே அரித்தது. அவரைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனவன் வார்டு வாசலோடு திரும்பிவிட்டேன்.

முப்பது ஆண்டுகள் கழித்து, போன மாதம் ஈப்போவின் சிலிபின் பகுதியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கைத்தடியோடு ஒருவர் என் எதிரே வந்து நின்றார். எங்கள் கேப்டனேதான்.

"துவான்," என்று பழைய மரியாதையோடு எழுந்தேன். "அன்னிக்கு எஞ்சின பாத்தது நான்தான். என் தப்பா இருக்குமோன்னு..."

"உங்க தப்பா? பறவ மோதினத நான் கண்ணால பாத்தேன்லா," என்றார். "நீங்கல்லாம் புள்ள மாதிரி பாத்த விமானம். கடல்ல போட்டுட்டேனேன்னு நான்தான் உங்க மூஞ்சில முழிக்க வெக்கப்பட்டேன்."

ஒருவருக்கொருவர் பயந்துகொண்டே இருவரும் இத்தனை காலம் ஒரே ஊரில் இருந்திருக்கிறோம்.

"முதுகு இன்னும் வலிக்குதா, துவான்?" என்று கேட்டேன்.

"மழ வந்தா வலிக்கும்," என்று சொல்லி, நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.