அப்பா தாண்டாத பள்ளம்

ஜெபிக்கிற உங்கள் எல்லாருக்கும், கிழக்குத் தாம்பரத்திலிருந்து குழம்பிப்போன ஒருத்தியின் ஸ்தோத்திரம். கர்த்தர் எனக்கு உதவினார். ஆனால் நான் கேட்டபடி இல்லை.

என் அப்பா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எண்பதைத் தாண்டிவிட்டார். அம்மா போனபிறகு எங்களோடு இருக்கிறார். போன நவம்பர் மழையில் திடீரென்று பாத்ரூமுக்குப் போக மறுத்தார். அதன் வாசல்வரை நடப்பார், நிற்பார், திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து அங்கேயே நனைத்துவிடுவார். கேட்டால் ஒரே பதில்.

“பள்ளம்மா. பாத்து.”

எங்கள் தெருவில் மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிப் போட்டிருந்தார்கள். அதைச் சொல்கிறார் என்று நினைத்தேன். “அது ரோட்லப்பா, இது வீடு” என்று கத்துவேன். எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டதுபோல என்னைப் பார்ப்பார். கையைப் பிடித்து இழுத்தால் கதவு நிலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்.

ஜெபக்குழுவில் சொன்னேன். ஸ்டெல்லா அக்கா வந்து அவரிடம் பேசிப் பார்த்துவிட்டு, “பள்ளம்னு சாவைத்தான் சொல்றாரும்மா. மரண பயம்” என்றார். சுற்றி நின்று ஜெபித்தோம். அப்பா எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னார். பாத்ரூமுக்கு மட்டும் போகவில்லை.

பெங்களூரிலிருந்து தம்பி ஃபோன் செய்தான். “புத்தி தடுமாறுதுக்கா. படப்பை பக்கம் ஒரு முதியோர் ஹோம் விசாரிச்சிருக்கேன். உன்னால முடியாது.” என்னால் முடியவில்லைதான். வீடு முழுக்க ஈரத்துணியும் பினாயில் வாடையும். திங்கட்கிழமை கொண்டுபோய் விடுவதாக முடிவானது. அவர் சட்டைகளை மடித்துப் பையில் வைத்துவிட்டு அழுதேன். “ஆண்டவரே, அப்பா புத்தியைச் சரிபண்ணும். எனக்கு ஒண்ணுமே புரியல.”

ஞாயிறன்று மழை விட்டு வெயில் அடித்தது. கிடைத்த வெயிலை விடுவானேன் என்று போர்வை, திரை, பாத்ரூம் வாசலில் கிடந்த கறுப்புக் கால்மிதி எல்லாவற்றையும் துவைத்து மாடியில் போட்டேன். இறங்கி வந்தால் நாற்காலி காலி. பாத்ரூமில் தண்ணீர்ச் சத்தம். அப்பா வேட்டியைச் சரிசெய்தபடி வெளியே வந்தார்.

“எப்படிப்பா போனீங்க?”

“மூடிட்டாங்கம்மா.”

ஒன்றும் விளங்கவில்லை. மாலையில் கால்மிதியைப் பழையபடி போட்டேன். வந்தார், நின்றார். “மறுபடி தோண்டிட்டானுங்க” என்று அதைக் காட்டினார். குனிந்து எடுத்தேன். நடந்து உள்ளே போனார். மழை தொடங்கியபோது, அவர் வழுக்கி விழக்கூடாதென்று நானே ஆசையாக வாங்கிப் போட்ட கால்மிதி அது.

கண் டாக்டர், புரை முற்றியிருப்பதாகச் சொன்னார். “வயசானா மேடு பள்ளம் சரியாத் தெரியாதும்மா. வெள்ளை டைல்ஸ்ல கறுப்பா விரிச்சா அவர் கண்ணுக்கு அது குழிதான்.” படப்பைக்குப் போகவில்லை. சட்டைகள் அலமாரிக்குத் திரும்பின.

ஒருநாள் அப்பாவிடம் கேட்டேன். “அன்னிக்கு அவ்வளவு சத்தமா ஆமென் சொன்னீங்களே, என்னப்பா ஜெபிச்சீங்க?”

“நீ தினமும் அந்தப் பள்ளத்து மேலயே போய் வந்துட்டிருந்தியேம்மா. உள்ள விழுந்துடக் கூடாதுன்னுதான்.”

அப்படியானால் ஆண்டவர் யாருடைய ஜெபத்தைக் கேட்டார்? எனக்கு இன்னும் குழப்பம்தான். ஆனால் ஆண்டவரை நம்புங்கள். உங்கள் வீட்டில் வயதானவர் ஓரிடத்தில் நின்றுவிட்டால், இழுக்காதீர்கள். பக்கத்தில் நின்று, அவர் பார்க்கும் இடத்தைப் பாருங்கள். அவர் உங்களுக்காகவும் ஜெபித்துக்கொண்டிருக்கலாம்.