கதவு கழிக்கத் தெரியாதவள்

அலுவலகத்தில் அவளுக்குக் கதவக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. கட்டடம் வரைகிறவர்கள் அனுப்பும் மாதிரிகளைக் கணினியில் திறந்து, எத்தனை செங்கல், எத்தனை மூட்டை சிமெண்ட், எத்தனை டன் கம்பி என்று அளவெடுத்துக் கொடுப்பது அவள் வேலை. இருபத்து மூன்று வருடமாக அதைத்தான் செய்கிறாள். எந்தக் கட்டடம் வந்தாலும் அவள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "கதவு சரியா வந்திருக்கா?"

காரணம் இல்லாமல் கேட்பதில்லை. வரைகிறவர்களின் மென்பொருள் ஒன்று, எண்ணுகிறவர்களின் மென்பொருள் இன்னொன்று. அங்கிருந்து இங்கே வரும் வழியில் ஏதாவது சிந்தும். அங்கே ஒரு சுவர் வரைந்து அதில் கதவை வைத்தால், கதவின் அளவுக்குச் சுவரில் ஓட்டை விழும். இந்தப் பக்கம் வந்து இறங்கும்போது சுவர் வரும், கதவும் வரும், சில நேரம் ஓட்டை மட்டும் வராது. பார்வைக்கு ஒரு குறையும் இருக்காது. எண்ணும்போதுதான் வினை: கதவு நிற்கிற இடத்துக்கும் செங்கல் சேர்ந்து விழும். அதனால் கதவக்கா முதல் காரியமாகக் கதவு ஜன்னல் அத்தனையையும் திரையில் மறைத்துவிடுவாள். ஓட்டை வழியே சுவருக்கு அப்பால் தெரிந்தால் எண்ணுவாள். சுவர் தெரிந்தால் திருப்பி அனுப்புவாள்.

அப்படிப்பட்டவளைப் பார்த்துத்தான் மேனேஜர் ஒரு புதன்கிழமை காலையில் சொன்னார், "கதவு ஜன்னல கழிக்க மறந்துட்டீங்கம்மா."

வேறு யாரையோ சொல்கிறார் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தாள். பின்னால் தண்ணீர் கேன் மட்டும் இருந்தது.

மூன்று மாடி மருத்துவமனை அது. சுவர் வேலை முடிந்து பூச்சு ஆரம்பமாகிவிட்டது. வாசலில் இருபத்தாறாயிரம் செங்கல் மிச்சமாகக் குவிந்து, சிமெண்ட் லாரி உள்ளே திரும்ப இடமில்லாமல் நின்றது. மருத்துவமனைக்காரர்கள் விளக்கம் கேட்டிருந்தார்கள். மறுநாள் மூன்று மணிக்குக் கூட்டம்.

"ஒரு லெட்டர் அடிச்சு வச்சிருக்கேன். கையெழுத்துப் போட்டா போதும், மீதிய நான் பாத்துக்கறேன்."

கடிதத்தில் மூன்றே வரி. 'திறப்புகளைக் கழிக்காமல் அளவெடுத்தது என் கவனக்குறைவு' என்பது நடுவரி.

"இது நான் எடுத்த அளவு இல்ல சார்."

"கீழ உங்க பேருதானம்மா இருக்கு?"

செங்கல் பட்டியலை அவள் பக்கம் நகர்த்தினார். அடியில், 'தயாரித்தவர்' என்ற சொல்லுக்கு நேரே, அவள் பெயர் அச்சாகியிருந்தது. எப்படி அச்சாகாமல் இருக்கும்? அந்தப் பட்டியலின் படிவத்தையே உருவாக்கியவள் அவள். யார் எதை எண்ணி அச்சடித்தாலும் அடியில் அவள் பெயர்தான் வந்து உட்காரும். ஆறு வருடமாக அது யாருக்கும் உறுத்தவில்லை, அவளுக்கும்தான். இப்போது உறுத்தியது.

கடிதத்தையும் பட்டியலையும் மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். கதவு கழிக்கத் தெரியாதவள் என்பதைத்தான் தாங்க முடியவில்லை. இருபத்திரண்டு வயதில் காகித வரைபடத்தின் மேல் குனிந்து, சுவருக்குச் சிவப்புப் பென்சிலும் திறப்புக்கு நீலப் பென்சிலும் தீட்டி வேலை தொடங்கியவள். திறப்பைக் கழிப்பது வந்த முதல் வாரமே எல்லோரும் பழகிவிடுகிற பாடம். அதற்குப் பிறகு நான்கு மென்பொருள் கற்றாள். அதில் இரண்டு செத்தே போய்விட்டன. சமையல்காரியைக் கூப்பிட்டு உனக்கு அடுப்புப் பற்றவைக்கத் தெரியாது என்று எழுதி வாங்குகிற கதையாக இருந்தது.

வீட்டில் கணவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நகரப் பேருந்து ஓட்டுகிறவர்.

"ஒரு கையெழுத்துதானே? போட்டுத் தொலைச்சுட்டு நிம்மதியா இரேன்" என்றார்.

"நீங்க லீவுல இருந்த அன்னைக்கு உங்க பஸ்ஸ யாரோ கொண்டு போய்ச் சுவத்துல இடிச்சா, நாந்தான் இடிச்சேன்னு எழுதிக் கொடுப்பீங்களா?"

இஸ்திரிப் பெட்டி நின்றது. "அதெப்படிக் கொடுப்பேன்? லைசென்ஸ் போயிடுமே."

"எனக்கு லைசென்ஸ்னு ஒண்ணு இல்ல. பேருதான் இருக்கு."

சொன்ன பிறகுதான் தன் வாயில் வந்த லீவு என்ற சொல் அவளைப் பிடித்து நிறுத்தியது. கடிதத்தோடு பைக்குள் போட்டிருந்த பட்டியலை எடுத்துத் தேதியைப் பார்த்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை. அந்தச் செவ்வாயும் அடுத்த நாளும் அவள் தங்கையின் பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

மறுநாள் எட்டு மணிக்கே அலுவலகம் போய்ப் பழைய மின்மடல்களைத் தோண்டினாள். எல்லாம் இருந்தது. திங்கள்கிழமை வந்த மாதிரியில் கதவுகளை மறைத்துப் பார்த்திருக்கிறாள், சுவர் தெரிந்திருக்கிறது, திருத்தி அனுப்பச் சொல்லி வரைகிறவர்களுக்கு எழுதி மேனேஜருக்கும் நகல் வைத்திருக்கிறாள். செவ்வாய்க்கிழமை அவள் இல்லாத நேரத்தில் அதே ஊனமான மாதிரியைத் திறந்து, ஒரே பொத்தானில் எண்ணித் தரும் புதுவசதியை யாரோ அமுக்கியிருக்கிறார்கள். வியாழக்கிழமை திருத்திய மாதிரி வந்து, அவள் எண்ணி, அலுவலகத்தின் பொதுக் கோப்புறையில் போட்டிருக்கிறாள். அதில் இருபத்தாறாயிரம் குறைவு. செங்கல் வாங்குவது வேறு பிரிவு. அவர்கள் கைக்கு முதலில் போனது செவ்வாய்க்கிழமைப் பட்டியல். அவளுடையதை ஒருவரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

மூன்று மணிக்குக் கூட்டம் தொடங்கியது. மருத்துவமனைத் தரப்புப் பொறியாளர் நறுக்கென்று பேசுகிற பெண்மணி. வரைகிற நிறுவனத்திலிருந்து ஒருவர். மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்க ஸ்டாஃப் சைடுல ஒரு சின்ன..." என்று ஆரம்பித்தார்.

"ஒரு நிமிஷம் சார்" என்று கதவக்கா எழுந்து, தன் கணினியைச் சுவர்த்திரையோடு இணைத்தாள். திங்கள்கிழமை மாதிரி திரையில் எழுந்தது. அழகான கட்டடம்.

"மேடம், இதுலேர்ந்துதான் செங்கல் வாங்குனது. இப்போ கதவு ஜன்னல எடுத்துடறேன்."

ஒரு பொத்தான். அறுபத்து நான்கு கதவும் தொண்ணூறு ஜன்னலும் மறைந்தன. கட்டடத்தில் ஒரு பொந்துகூட இல்லை. வாசலில் சுவர், பிரசவ அறையில் சுவர், கழிப்பறைக்கும் சுவர்.

பொறியாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "நோயாளி எந்த வழியா உள்ள வருவாங்க?"

"வர முடியாது மேடம். உள்ள இருக்கறவங்களும் வெளிய வர முடியாது."

வரைகிற நிறுவனத்துக்காரர் சிரித்துவிட்டார். பிறகு சங்கடத்தோடு, "இவங்கதான் கண்டுபிடிச்சு எழுதினாங்க. மூணு நாள்ல சரிபண்ணி அனுப்பிட்டோமே?" என்றார்.

மேனேஜர் நிமிரவில்லை. "சிஸ்டம் மிஸ்டேக் மேடம். சாஃப்ட்வேர்ல இந்த மாதிரி ஆகும்."

அடக்கி வைத்திருந்தது அப்போது உடைந்தது. "சிஸ்டம் மிஸ்டேக்னா நேத்து ஏன் சார் என்கிட்ட கையெழுத்துக் கேட்டீங்க? சிஸ்டத்துக்கிட்ட கேட்டிருக்கலாமே? அன்னைக்கு நான் ஊர்ல பிரசவ வார்டுல நின்னுட்டிருந்தேன். பொத்தான அமுக்குனது யாரு?"

"நான்தான்" என்றார் மேனேஜர், மேசையைப் பார்த்து. "செங்கல் சூளைக்காரன் கணக்குக் கேட்டு அவசரப்படுத்துனான்."

"அதையே எழுதிக் கொடுத்துடுங்க" என்றார் பொறியாளர், குறிப்பேட்டை அவர் பக்கம் தள்ளி.

மூன்று வரிக் கடிதத்தைக் கதவக்கா எடுத்து, கையெழுத்துப் போடாமல் மேசை மேல் வைத்தாள். இடத்துக்குத் திரும்பியதும் படிவத்தைத் திறந்து 'தயாரித்தவர்' என்பதற்கு நேரே இருந்த தன் பெயரை அழித்தாள். எண்ணியவர் தன் கையால் பெயரை அடித்தால்தான் இனி அச்சாகும்.

மன்னிப்பு என்று யாரும் கேட்கவில்லை. மேனேஜர் இரண்டு நாள் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார், அவ்வளவுதான். சனிக்கிழமை கணவரின் பேருந்தில் முன் இருக்கையில் உட்கார்ந்து வீட்டுக்குப் போனாள். மருத்துவமனை நிறுத்தத்தில் சிவப்பாய்க் குவியல் தெரிந்தது.

"அதோ பாரு, உன் செங்கல் இன்னும் அப்படியே கிடக்கு" என்றார் கணவர், கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துச் சிரித்து.

"என் செங்கல்னு சொல்லாதீங்க" என்றாள். பேருந்தில் நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "என் செங்கல்லாம் சுவத்துல இருக்கு."