பெட்டியைப் பார்த்து வாங்கிய தூண்டில்

அட்டைப்பெட்டியின் அச்சு அழகில் மயங்கித் தூண்டில் வாங்கியவன் தமிழ்நாட்டிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். விவரமான ஆள் என்று ஊருக்குள் எனக்கு ஒரு பேர் வேறு.

திருத்தங்கலில் பட்டாசு லேபிள் அடிக்கும் அச்சகத்தில் வேலை. வரும் தாளை லென்ஸ் வைத்துப் பார்த்து, நிறம் கோட்டைத் தாண்டி வழிந்திருந்தால் ஒதுக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் பிஸ்கட் வாங்கினாலும் உறையைத்தான் பார்ப்பேன். உள்ளே நமத்திருப்பதை வீட்டில் சொல்வார்கள்.

சில வருடங்களுக்கு முன்பு, தீபாவளி முடிந்து கம்பெனிகள் அடைத்துக் கிடந்த நேரம். மகளுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்திருந்தது. காரியாபட்டிப் பக்கம் கண்மாய்கள் நிரம்பியிருந்தன.

"கெளம்புறதுக்கு முன்னாடி ஒரு நா தூண்டில் போடப் போவமாப்பா?" என்றாள்.

தூண்டிலை நான் தொட்டதே இல்லை. ஆனால் ஊரை விட்டுப் போகிறவளுக்குச் சொல்ல வேண்டிய புத்திமதிகள் என்னிடம் மூட்டை மூட்டையாக இருந்தன. அவிழ்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. சரி என்றேன்.

மதுரையில் தூண்டில் சாமான் விற்கும் கடைக்காரர், "கடலா, கண்மாயா?" என்று கேட்டார். கண்மாய் என்றதும் சின்னக் கம்பு, மெல்லிய நரம்பு, பொடி முள் எல்லாம் போட்ட ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து வைத்தார்.

"புதுசாப் பழகுறவுகளுக்கு இது போதும் சார்."

அதன் லேபிளில் மஞ்சள் நிறம் விலகி அச்சாகி, மீனுக்கு இரண்டு வால் தெரிந்தது. மனசு ஒப்பவில்லை. மேல்தட்டில் ஒரு பெட்டி. தங்க வேலைப்பாடு, துள்ளும் மீனின் செதில்கள் தனித்தனியாக, நிறம் மயிரிழை பிசகாமல்.

"அது கடல் மீனுக்குங்க."

"இருக்கட்டும்" என்றேன்.

கண்மாய்க் கரையில் பிரித்தபோது, முள் சட்டை மாட்டும் கொக்கி அளவுக்கு இருந்தது. மாவு உருண்டையைக் குத்திப் போட்டோம். கெண்டைக் குஞ்சுகள் கூட்டமாக வந்து மாவைக் கொறித்துவிட்டு முள்ளை எங்களுக்கே விட்டுவிட்டுப் போயின.

"இதுல மீன் மாட்டாதுப்பா. வேணும்னா ஊஞ்சல் ஆடும்."

சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்து, மூட்டையை அவிழ்க்க வாயைத் திறந்தேன். அவள் உதட்டில் விரலை வைத்தாள்.

"பேசாதீகப்பா, மீன் ஓடிரும்."

மாட்டாத மீன் ஓடினால் என்ன என்று கேட்டிருக்கலாம். வெயில் ஏறும்வரை தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தோம். ஒரு கொக்கு எங்களைப் போட்டியாகக்கூட மதிக்காமல் பக்கத்தில் நின்று காரியத்தை முடித்துக்கொண்டு பறந்தது. புளியோதரையை ஒரே டப்பாவில் சாப்பிட்டோம். மாவு காணாமல் போகும்போதெல்லாம் அவள் சிரித்த சிரிப்பு, அவள் பள்ளிக்கூட வேனிலிருந்து இறங்கி ஓடிவருகிற வயதில் நான் கேட்டது.

அந்த வாரமே கிளம்பிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு சத்தமில்லாமல் கிடக்கும்போது அந்தக் கரைதான் ஞாபகம் வருகிறது. போன வாரம் போனில் ஆற்றாமையாகச் சொன்னேன்.

"அன்னைக்கு ஒனக்கு எம்புட்டோ சொல்லணும்னு வந்தேன் தாயி. ஒண்ணுமே சொல்ல முடியாமப் போச்சு."

"அதனாலதான்ப்பா அந்த நாள் அம்புட்டு நல்லா இருந்துச்சு" என்றாள்.