உப்புத் தண்ணீரில் கழுவிய எரிமலைப் பாறை

ராமநாதபுரத்தில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் அகச்சிவப்பு ஸ்பெக்ட்ரோமீட்டரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஓய்வு பெற இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. புதிதாக வருகிறவர்கள் மெஷினைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் வளர்மதி மேடத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

மேடத்துக்குத் திருப்புல்லாணிப் பக்கம் மிளகாய் போடும் குடும்பம். செவ்வாய்க் கிரகத்து எரிமலைப் பாறை எதனால் ஆனது என்று இங்கே உட்கார்ந்தே ஆராய்கிறவர். பாறையின் சூடு அகச்சிவப்புக் கதிராக வெளியே வரும். செவ்வாயைச் சுற்றும் விண்கலம் அதை அளந்து அனுப்பும். கம்ப்யூட்டரில் அது மேடும் பள்ளமுமான ஒரு கோடு. ஒவ்வொரு கனிமத்துக்கும் பள்ளம் விழும் இடம் வேறு. நம்மூர்ப் பாறையைச் சூடாக்கி அதே மாதிரி கோடு எடுத்து, இரண்டையும் பொருத்திப் பார்க்க வேண்டும். கேட்க இவ்வளவுதான். செய்து பார்த்தால் கண் பூத்துவிடும்.

1. பொருந்திய கோடு

செவ்வாயில் ஓர் எரிமலைச் சமவெளி மட்டும் மேடத்துக்குப் பிடிபடவில்லை. அதன் கோட்டில் இருந்த ஒரு பள்ளம் எந்தப் பாறையோடும் ஒட்டவில்லை. மகாராஷ்டிரத்திலிருந்து வந்த பசால்ட் என்ற எரிமலைக் கல் ஒன்றை வைத்தோம். அச்சு அசலாகப் பொருந்தியது. ஆராய்ச்சி மாணவன் செபஸ்தி, காரங்காட்டுக்காரன், டீ வாங்க ஓடினான். மேடம் ஒரு மாநாட்டுக்குக் கட்டுரைச் சுருக்கம் அனுப்பினார். அதைப் படித்துவிட்டு, புதிய விண்கலத்துக்குக் கருவி செய்யும் குழுவின் தலைவர் அவரைச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். அந்த இடத்துக்காக மேடம் எவ்வளவு காலம் காத்திருந்தார் என்று எனக்குத் தெரியும்.

2. சுத்தியல்

முழுக் கட்டுரை அனுப்ப வேண்டிய வாரத்தில் என்னிடம் வந்து சுத்தியல் கேட்டார்.

"எதுக்கு மேடம்?"

"இம்புட்டு நல்லாப் பொருந்துறது எனக்குச் சரியாப் படலண்ணே. அகச்சிவப்பு மேல்தோலத்தான் பாக்கும். உள்ள என்ன இருக்குன்னு பாத்துருவோம்."

கல்லை அவரே உடைத்தார். உடைந்த முகத்தை மெஷினில் வைத்தேன். அந்தப் பள்ளம் இல்லை, வெறும் பசால்ட். வெளிமுகத்தைத் திருப்பி வைத்தேன். பள்ளம் வந்துவிட்டது.

"கல்லு வந்தன்னைக்கு எதுல கழுவுனோம்?" என்று மேடம் கேட்டார்.

"போர் தண்ணியிலதான் மேடம். மூணு பேருமா நின்னு கழுவுனோம்ல" என்றான் செபஸ்தி.

எங்கள் பக்கத்தில் போர் தண்ணீர் உப்பு. குடிக்க நல்ல தண்ணி, கழுவ உப்புத் தண்ணி என்பது பிறந்ததிலிருந்து பழகியது. டிஸ்டில்டு வாட்டரை ஊற்றிக் கல்லைக் கழுவ இங்கே யாருக்கும் மனசு வராது. அந்தத் தண்ணீரிலிருந்த ஜிப்சம் என்ற உப்பு கல்லின்மேல் மெல்லிசாகப் படிந்திருக்கிறது. குடத்தில் தினமும் பார்க்கிற வெள்ளைதான். கல்லில் எங்கள் கண்ணுக்குப் படவில்லை, மெஷினுக்குப் பட்டது.

"யாரு மேடம் கல்ல உடச்சுப் பாக்கப் போறா?" என்றான் செபஸ்தி. பாவம், அவருக்காகத்தான் கேட்டான்.

"நாமதான் பாத்துட்டமே" என்றார்.

அங்கேயே நின்று குழுத் தலைவருக்குப் போன் போட்டார். "சார், அது பாறை இல்ல. எங்க ஊருத் தண்ணி. சுருக்கத்த வாபஸ் வாங்கிக்கிறேன்."

ஸ்பீக்கரில், "இந்தத் தடவை குழுவுல சேக்குறது கஷ்டம்மா" என்று கேட்டது.

"தெரியும் சார்."

மேடம் உடைந்த கல்லைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, செவ்வாயில இருக்கதும் சாதா பசால்ட்டா இருந்து, மேல இதே மாதிரி ஏதாச்சும் படிஞ்சிருந்தா? நாம இத்தன நாளும் பாறையத்தான தேடுனோம்."

கோடு பொருந்தாதபோது எல்லோருக்கும் சந்தேகம் வரும். பொருந்திய பிறகு சந்தேகப்பட்டவரை என் சர்வீஸில் அவர் ஒருவரைத்தான் பார்த்தேன். இளையவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இதுதான்.

"ஏலே செபஸ்தி," என்றார் மேடம், "இன்னொரு கல்ல எடு. அத வேணும்னே உப்புத் தண்ணியில கழுவுவோம்."