கடலூர் விலை, சிதம்பரம் விலை

கல்யாணமாகி மூன்றாவது வருஷமும் நாங்கள் இரண்டு ஊரில்தான் குடியிருந்தோம். அறுபதுகளின் நடுவில் நடந்த கதை இது. அவருக்குச் சிதம்பரத்தில் ஓர் அரிசி மில்லில் கணக்கு எழுதும் வேலை. எனக்குக் கடலூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை. இரண்டுமே ஊர் மாற்றிக் கொடுக்கிற வேலையில்லை. அவர் தன் அம்மாவோடும் தம்பியோடும் இருந்தார், நான் என் அண்ணன் வீட்டில் இருந்தேன். சனிக்கிழமை சாயங்காலப் பாசஞ்சரில் வருவார், திங்கட்கிழமை விடியலில் திரும்பிவிடுவார். வாரத்துக்கு ஒருதரம் வந்து போகிற விருந்தாளிக்குப் புருஷன் என்று பெயர்.

"எலி வளையானாலும் தனி வளை வேணும்" என்றாள் அண்ணி ஒருநாள், பாத்திரத்தை நங்கென்று வைத்துக்கொண்டே. என்னை விரட்டத்தான் சொல்கிறாள் என்று எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சொன்னது நியாயம்தான். புவனகிரிப் பக்கம் அவர் பங்குக்கு இருந்த நஞ்சையை விற்ற பணம் இருந்தது. என் நகை கொஞ்சம் இருந்தது. வீடு வாங்குவது என்று முடிவு செய்தோம்.

எந்த ஊரில்? அதற்கும் நாங்களே ஒரு வழி கண்டுபிடித்தோம். எந்த ஊரில் விலை குறைவோ அந்த ஊரில் வாங்குவது, மற்றவர் வேலையை விட்டுவிட்டு அங்கே வந்துவிடுவது. அவருக்கென்ன, கடலூரில் ஏதாவதொரு மண்டியில் கணக்கெழுதப் போய்விடுவார். எனக்குச் சிதம்பரத்தில் வேலை கிடைக்காது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்தும் சரி என்றேன். அப்போது அது நியாயமான பேச்சாகத்தான் பட்டது.

நெய்வேலியில் சுரங்கம் தோண்ட ஆரம்பித்ததிலிருந்து கடலூரில் வீட்டு விலை கைக்கெட்டாமல் போயிருந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடு காட்டின தரகர் தெருவுக்குத் தெரு அதையேதான் சொன்னார். "நேத்து சொன்ன விலை இன்னிக்குக் கெடயாதும்மா. சுரங்கத்துக்கு நெலம் போன காசைக் கையில வெச்சிக்கிட்டு நாலு பேர் நிக்கிறாங்க." மஞ்சக்குப்பத்தில் விலை கேட்கவே பயமாக இருந்தது. முதுநகரில் ஜாஸ்தி இல்லை, ஆனால் அந்தக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. கடைசியில் புதுப்பாளையத்தில் ஓர் ஓட்டு வீடு பிடித்திருந்தது. இரண்டு அறை, கொல்லையில் கிணறு, ஒரு தென்னை. ஒன்பதாயிரம் என்றார்கள்.

"குறிஞ்சிப்பாடில பாருங்க மச்சான், பாதி வெலைக்கு முடியும்" என்றார் அண்ணன்.

"அங்க ரெண்டு பேருக்குமே வேலை கெடயாதே, மச்சான்" என்றார் இவர்.

அடுத்த ஞாயிறு சிதம்பரம் போய்ப் பார்த்தோம். தெற்குவீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் அதே அளவு வீடு. கூடம் இன்னும் பெரிசு, தேக்குக் கதவு. விலை ஐயாயிரம். வகுப்பில் போர்டில் கழித்தல் போட்டுக் காட்டுகிறவளுக்கு இதற்குப் பேப்பர் வேண்டுமா? நாலாயிரம் வித்தியாசம், நான் தோற்றேன். மறுநாள் தலைமை ஆசிரியையிடம், பரீட்சை முடிந்ததும் நின்றுகொள்கிறேன் என்று வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வந்தேன். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னபோது போர்டுப் பக்கம் திரும்பி, முந்தின நாள் போட்ட கணக்கையே மறுபடி எழுதினேன். அந்த வேலை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது என்று அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அட்வான்ஸ் கொடுக்க நல்ல நாள் பார்த்து, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, அவரும் அவருடைய அம்மாவான அத்தையும் நானும் போனோம். ஆண்கள் கூடத்தில் பேசிக்கொண்டிருக்க, நான் கொல்லைப் பக்கம் போனேன். அந்த வீட்டில் கிணறு இல்லை, தண்ணீருக்குப் பக்கத்து வீட்டுக்குத்தான் போக வேண்டும். வீட்டுக்கார அம்மாளைக் கேட்டேன்.

"இந்த மூலையில ஒரு கெணறு வெட்டிக்கலாமில்ல?"

"அதுக்கு மடத்துல கேக்கணும்மா. மனை அவுங்களுதுதானே."

"எந்த மனை?"

"இதுதான். நீங்க நிக்கறது."

அந்த அம்மாள் எதையும் மறைக்கவில்லை. அந்தச் சந்து முழுக்க மடத்து மனை. சுவரும் ஓடும் கதவும்தான் வீட்டுக்காரருக்குச் சொந்தம், விற்கிறதும் அதைத்தான். தரைக்கு வருஷா வருஷம் மடத்துக்கு வாடகை கட்ட வேண்டும். நான் விடுவிடுவென்று உள்ளே வந்து இவரைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"மனை நம்முளுது இல்லயாமே, தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியாம என்ன? எங்க வீடும் மடத்து மனைதான்."

"சொல்லவே இல்லையே!"

"இதுல சொல்றதுக்கு என்ன இருக்குது? வீட்டு வெலைன்னா வீட்டு வெலைதானே?"

அவர் முகத்தில் துளிக் கள்ளம் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். எங்கள் ஊரில் வீடென்றால் மண்ணும் கிணறும் தென்னையும் சேர்ந்துதான் விலை. அவர் பிறந்த தெருவில் மண்ணை யாரும் விலையில் சேர்த்ததே இல்லை. இத்தனை நாளும் தரையோடு ஒரு வீட்டையும் தரையில்லாமல் ஒரு வீட்டையும் வைத்துக்கொண்டு, எது மலிவு என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். கணக்குப்பிள்ளையும் கணக்கு டீச்சரும்! சரிதான் போ.

அதற்குள் அத்தை வந்துவிட்டாள். "மண்ணை யாருடி தலையில தூக்கிக்கிட்டுப் போறா? எங்க மாமனார் காலத்துலேந்து எங்கள ஒருத்தரும் எழுந்துபோன்னு சொன்னதில்ல."

அவர் நிதானமாகத்தான் பேசினார். "மனை வாடகை கொஞ்சந்தான். அதையும் சேத்தே பாரு. அப்பவும் இதுதான் மலிவு."

மனசுக்குள் சேர்த்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி, அப்போதும் அதுதான் மலிவு. ஆனால் சேர்க்க ஆரம்பித்த கை நிற்கவில்லை.

"அப்ப என் சம்பளத்தையும் சேருங்க" என்றேன். "இந்த வீட்டுக்கு வந்தா வருஷா வருஷம் அதுவுந்தானே போவுது? நான் நிக்கறது அது மேலதான். அத ஏன் ஒருத்தரும் வெலையில சேக்கல?"

அவர் விரலால் உள்ளங்கையில் ஏதோ எழுதினார், மில்லில் கூட்டிப் பார்க்கிற பழக்கம். எழுதி முடித்துவிட்டுத் தாம்பாளத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். இன்னொரு நாள் வருகிறோம் என்று அவர்களிடம் சொன்னது அவர்தான்.

அத்தை கோபமாக வீட்டுக்குப் போய்விட்டாள். என்னை ரயிலேற்ற அவர் ஸ்டேஷனுக்கு வந்தார். வண்டி தாமதம்.

"புதுப்பாளையம் வீடு இன்னும் இருக்குதா?"

"இருக்கும். இன்னொரு ஐந்நூறு ஏத்தியிருப்பாங்க."

"ஏத்தட்டும்." தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார், "அந்த விடியக்காலைப் பாசஞ்சர் தெனமும் உண்டில்ல?"

மூன்று வருஷமாகத் திங்கட்கிழமை தோறும் மில்லுக்குப் போகக் கடலூரில் அவர் ஏறின வண்டி அது.

"உண்டு" என்றேன்.