பெனாசிர் படித்த ஒட்டகக் கதை

திண்டிவனத்தில் பிறந்து கோட்டக்குப்பத்தில் வாழ்க்கைப்பட்ட பெனாசிருக்கு நல்ல குரல். பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டி என்றால் அவளைக் கேட்காமலே பெயரை எழுதிவிடுவார்கள். கணவன் முகம்மது ஆசிப் சவூதியில் லாரி ஓட்டுகிறான். வீட்டில் அவளும் மாமியார் மஹபூப் பீவியும்தான்.

விழுப்புரத்தில் கலைப்பிரியா என்ற பெண், பார்வையற்ற பிள்ளைகளுக்காக ஒலிப்புத்தகங்கள் சேர்த்துவந்தாள். விலங்குகளுக்குக் கொம்பும் வாலும் வந்த பழைய கதைகளைப் படித்துத் தரும்படி பெனாசிரைக் கேட்டாள். முதல் கதை, ஒட்டகத்துக்குக் கழுத்து நீண்டது. பக்கத்து வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று மதில்மேல் எட்டி எட்டிப் பார்த்தே நீண்டுபோனதாம். செல்போனில் பதிவு செய்தால் போதும் என்றாள் கலைப்பிரியா.

போதவில்லை. ஃபேன் சத்தம் கேட்கிறது என்று திருப்பி அனுப்பினாள். ஃபேனை நிறுத்தினால் தெருவில் மீன்காரர் குரல். ஜன்னலைச் சாத்தினால் மாமியார்.

“பெனாசிர், ரசப்பொடி டப்பா எங்க கீது?”

“மாமி, படிச்சிக்கினு இருக்கேன்!”

“படியேன். நான் என்ன உன் வாயப் பொத்துனனா? டப்பா எங்கன்னுதானே கேட்டேன்.”

வெறுத்துப்போய், பக்கத்து வீட்டுக் காரின் சாவியை வாங்கிக்கொண்டு, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்தாள். வியர்வை ஊற்றியது. ஒட்டகம் மதிலருகே வந்த நேரம், யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். வெளியே சின்னக் கூட்டம்.

“யம்மா, கதவு லாக் ஆயிடுச்சா? மூச்சு முட்டுதா?”

ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு மதிய வேளையில் அதே காருக்குள் வெந்துகொண்டு எப்படியோ படித்து முடித்தாள். கலைப்பிரியா ஏற்றுக்கொண்டாள். பாராட்டு வரும் என்று கணவனுக்கும் அதை அனுப்பினாள். ஆசிப் போன் செய்தான்.

“நல்லாத்தான் படிச்சிருக்க. ஆனா ஒட்டகம் அப்படி எட்டியெல்லாம் பாக்காது. நான் டெய்லி பாக்கிறேனே. நடு ரோட்டுல நின்னுக்கினு இருக்கும். ஆரன் அடிச்சாக்கூட திரும்பாது.”

“கதைய நானா எழுதினேன்?”

“இருந்தாலும் புள்ளைங்களுக்குத் தப்பாச் சொல்லக்கூடாது இல்ல?”

“அப்போ அடுத்த கதைய நீங்களே படிங்க!” என்று போனை வைத்துவிட்டாள். வைத்த வேகத்தில் அடுத்த கதையின் பக்கங்களைப் படம் பிடித்து அனுப்பினாள், கலைப்பிரியாவின் நம்பரையும் சேர்த்து. கழுதைக்குக் காது நீண்ட கதை அது.

ஆசிப் உண்மையிலேயே படித்துவிட்டான். பாலைவனத்தில் லாரியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்துவிட்டு, ஒரே மூச்சில். மறுநாளே கலைப்பிரியாவிடமிருந்து அவன் பதிவோடு செய்தி: “அக்கா, அண்ணன் வாய்ஸ் சூப்பர்! ஒரு சத்தம் கூட இல்ல. மீதிக் கதையெல்லாம் அவரையே படிக்கச் சொல்லலாமா?”

பெனாசிருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மஹபூப் பீவி வேறு, மகன் குரலைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டார். “எம்புள்ள எவ்ளோ அழகாப் படிக்கிறான் பாரு!”

மாமியார் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த பிறகு பெனாசிர் தனியாக அதைக் கேட்டாள். போனில் அவன் எப்போதும் அவசரத்தில்தான் பேசுவான். டியூட்டி, நெட்வொர்க், வைக்கிறேன். இதில் அவசரமே இல்லை. கழுதை அழும் இடத்தில் குரலைத் தாழ்த்தி, நிதானமாகப் படித்திருந்தான். முடிந்ததும் மறுபடி போட்டாள். அப்போதுதான் காதில் பட்டது. கழுதை வரும் இடமெல்லாம் “கயுதை” என்றே சொல்லியிருந்தான்.

உடனே கலைப்பிரியாவுக்குத் தட்டினாள்: “கழுதைன்னு ஒரு எடத்துலகூட வரல. திரும்பப் படிக்கணும்.” கலைப்பிரியாவும் கேட்டுப் பார்த்து, ஆமாம் என்றாள்.

சாயங்காலம் ஆசிப் கூப்பிட்டான். “முழுசாத் திரும்பப் படிக்கணுமாம். பெரிய பேஜாராப் போச்சு. யாரு கண்டுபிடிச்சது இத?”

“எனக்கென்ன தெரியும்? அங்க கேக்கிறவங்க ரொம்பக் கண்டிப்பு” என்றாள் பெனாசிர். “ஜல்தியாப் படிச்சு முதல்ல எனக்கு அனுப்புங்க. நான் கேட்டுட்டுச் சொல்றேன்.”