பூட்டிய வீட்டில் முளைத்த காயங்கள்

அந்தத் துணிக்கடையின் வாசலில் நின்று, வெளியே போகிறவர்களின் பையையும் பில்லையும் ஒத்துப் பார்ப்பது அவள் வேலை. முதலாளியிலிருந்து தரை துடைப்பவர் வரை எல்லோருக்கும் அவள் ‘செக்கிங் அக்கா’தான். சட்டை மாட்டி நிறுத்தியிருந்த பொம்மையிடமே அவள் ஒருநாள் பில் கேட்டாள் என்று கடையில் ஒரு கதை உலவுகிறது. அது சுத்தப் பொய். அவள் கேட்டது பொம்மையைத் தூக்கிக்கொண்டு நடந்தவனிடம். பொம்மையையும் ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள் என்பது மட்டும் உண்மை.

பில்லில் இருக்கும் ஒவ்வொரு சாமானையும் பையில் பார்த்த பிறகு சிவப்புப் பேனாவால் அதைச் சுழித்துவிடுவாள். சுழித்தது கணக்கில் வந்தது. சுழிக்காதது எதுவானாலும், யார் வைத்திருந்தாலும், களவு.

அப்பேர்ப்பட்ட கண்ணில்தான் தங்கையின் கால் பட்டது. பார்க்க வந்தவள் செருப்பைக் கழற்றக் குனிந்தபோது, கணுக்காலுக்கு மேலே ஊதாவாகக் கன்றியிருந்தது. கேட்டதற்குக் கட்டிலில் இடித்துக்கொண்டேன் என்றாள். அடுத்த தடவை முழங்கைக்கு மேலே ஒன்று. அதற்குக் கதவைக் காட்டிக்கொடுத்தாள். அதற்கும் அடுத்த தடவை, புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டையோடு வந்து உட்கார்ந்தாள். ஒரு கட்டிலும் ஒரு கதவும் கூட்டுச் சேர்ந்துகொண்டு ஒருத்தியை இந்தப் பாடு படுத்துமா? செக்கிங் அக்காவுக்கு மூக்கில் வேர்த்தது.

தங்கையின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். கிரீஸ் ஏறிக் கறுத்த கனமான கைகள். வாயைத் திறந்து பேசுவது அபூர்வம். வாங்க என்பதைக்கூடத் தலையாட்டித்தான் சொல்வார். இத்தனை நாள் அது அடக்கம் என்று அவள் நினைத்திருந்தாள். இப்போது அதே அமைதி வேறு மாதிரித் தெரிந்தது. நேராக அவர்கள் வீட்டுக்குப் போய்த் தங்கையின் துணிமணிகளைப் பையில் அடைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

“இவ கொஞ்ச நாள் என்னோட இருக்கட்டும் மாப்பிள்ளை. ஏன்னு உங்களுக்கே தெரியும்.”

அவர் மனைவியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். “சரிக்கா” என்றார். அவ்வளவுதான். குற்றமில்லாதவனாக இருந்தால் குதிக்கமாட்டானா? அந்தச் ‘சரி’யையே சாட்சியாக முடிந்து வைத்துக்கொண்டாள்.

தன் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தங்கையின் கை கால்களில் இருந்த ஒவ்வொரு கன்றலையும் சிவப்புப் பேனாவால் சுழித்தாள். நான் என்ன துணி மூட்டையா என்று தங்கை சிரித்தாள். சிரிப்பில் சுரத்தே இல்லை. மறுநாள் அக்கா கதவை வெளியே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கடைக்குப் போனாள்.

சாயங்காலம் வந்து பார்த்தால், வட்டங்களுக்கு வெளியே புதிதாக ஒரு கன்றல். அதைச் சுற்றிப் பேனா முனையால் குத்தியதுபோலச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள்.

வேறு யாராவது என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போயிருப்பார்கள். அவள் பூட்டுக்கடைக்குப் போனாள். மாப்பிள்ளையிடம் மாற்றுச் சாவி இருக்கிறது என்று தீர்மானித்துப் புதுப் பூட்டு வாங்கி மாட்டினாள். ஜன்னல் இடுக்கில் காகிதத் துண்டு செருகினாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் யாராவது வந்து போனார்களா என்று துருவினாள். காகிதம் வைத்தது வைத்தபடி இருந்தது, புள்ளிகள் மட்டும் பெருகிக்கொண்டே போயின. கடைசியில் தங்கையே தன்னைக் கிள்ளிக்கொள்கிறாளோ என்று அவள் விரல் நகங்களை விளக்கு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள்.

பிறகு ஒரு காலை, தங்கை எழுந்திருக்கவில்லை. முகம் வெளிறி, கண்ணில் மஞ்சள் ஓடி, நெற்றி கொதித்தது. கையில் கரண்டியைக் கொடுத்தால் அதைச் சீப்பு என்றாள். அக்காவை உற்றுப் பார்த்து, “நீங்க யாரு? கடை தொறந்தாச்சா?” என்று மரியாதையாகக் கேட்டாள்.

செக்கிங் அக்கா அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். வாடகை வண்டி பிடித்து மருத்துவமனைக்கு ஓடினாள்.

அங்கே ரத்த நோய்களைப் பார்க்கும் பெண் மருத்துவர் ஒருவர் இருந்தார். கை கால்களைப் பார்த்தவர் முகம் மாறியது. வட்டங்களை யார் போட்டது என்று கேட்டார். நான்தான் என்றாள். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? யாருமில்லை. பகலில்? வெளியே பூட்டிவிட்டுப் போவேன். அவள் சொன்னது அத்தனையும் உண்மை, அத்தனையும் அவள் தலையிலேயே வந்து விழுந்தது. அவளை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, உள்ளே தங்கையிடம் மருத்துவர் மெல்லக் கேட்டது கதவு வழியாகக் காதில் பட்டது.

“பயப்படாம சொல்லுங்கம்மா. அக்கா உங்கள அடிக்கிறாங்களா?”

வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் பையைக் கிளறியவள், தன் பையை யாரோ தலைகீழாகக் கவிழ்த்ததுபோல அந்த நடைவழியில் நின்றாள்.

ரத்தப் பரிசோதனையின் முடிவு வந்ததும் மருத்துவரே வெளியே வந்து உட்காரச் சொன்னார். யாரும் அடிக்கவில்லை, இது அரிதாக வரும் ஒரு நோய் என்றார்.

“ரத்தக்குழாய்க்கு உள்பக்கமா ஒரே அடுக்கா செல்லுங்க பரவியிருக்கும்மா. குழாயோட உள்சுவரே அதுங்கதான். அதுங்க நீளமா ஒரு புரத நூலை விடும். எங்கயாவது காயம்னா தட்டணுக்கள், அதான் பிளேட்லெட், அந்த நூல்ல ஒட்டிக்கிட்டு ஓட்டைய அடைக்கும். வேலைக்கு வேண்டிய அளவுக்கு மேல நீளாம அத நறுக்கிவிட, ரத்தத்துலயே ஒரு நொதி இருக்கு, கத்திரி மாதிரி. உங்க தங்கச்சி உடம்பு அந்தக் கத்திரியையே எதிரின்னு சந்தேகப்பட்டு முடக்கிப்போட்டிருச்சு.”

நறுக்க ஆளில்லாமல் நூல்கள் நீளநீளமாகத் தொங்குகின்றன. காயமே இல்லாத இடத்தில் தட்டணுக்கள் அவற்றில் போய்ச் சிக்கி, நுண்ணிய குழாய்களை எல்லாம் அடைக்கின்றன. மூளைக்குப் போகும் குழாய்களும் அடைபடுவதால்தான் பேச்சு தடுமாறுகிறது. தட்டணுக்கள் இப்படி வீணாகத் தீர்ந்துபோவதால் தோலுக்கடியில் ரத்தம் கசிகிறது. உள்ளே உறைகிறது, வெளியே கசிகிறது. உடனே கழுத்தில் குழாய் போட்டு இயந்திரத்தோடு இணைக்க வேண்டும் என்றார்.

தட்டணு குறைந்தால் தட்டணு ஏற்ற வேண்டியதுதானே, எதற்குக் கழுத்தில் குழாய், எதற்கு இயந்திரம் என்று அவள் கேட்டாள். குரலில் பழைய வாசல் தோரணை எட்டிப் பார்த்தது. இந்த நிலையில் ஏற்றினால் அதுவும் அதே நூலில் போய்ச் சிக்கி அடைப்புதான் கூடும் என்றார் மருத்துவர். தங்கையின் ரத்தநீரை, அதாவது பிளாஸ்மாவை, எடுத்துவிட்டு, கத்திரி நொதி உள்ள வேறொருவர் ரத்தநீரைச் செலுத்த வேண்டும், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து என்றார்.

“இது எப்ப ஆரம்பிச்சது? முன்னாடி காய்ச்சல் வந்துச்சா? புதுசா மாத்திரை எதாவது? கூடவே இருந்து பாத்தவங்க யாரு?”

அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரிந்த ஆள் கீழே வாசலில் நின்றுகொண்டிருந்தார். கடைக்குப் போன் போட்டு விஷயம் தெரிந்து ஓடிவந்தவரைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, உள்ளே விடாதே என்று காவல்காரரிடம் சொல்லி வைத்தது அவளேதான்.

இறங்கிப் போய் அவரை விடச் சொன்னாள்.

“கை கறுப்பா இருக்குமே, அந்த ஆளையா? நீங்கதானம்மா விடாதீங்கன்னீங்க.”

“இப்ப விடுங்க. எங்க வீட்டு மாப்பிள்ளை.”

“அப்போ காலையில யாரா இருந்தாரு?”

அவள் கதவைத் தானே திறந்துவிட்டாள்.

மாப்பிள்ளை மருத்துவரிடம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். முதலில் லேசான காய்ச்சல், பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம், அப்புறம் கன்றல்கள். மாத்திரை எதுவும் இல்லை. டாக்டரிடம் போகலாம் என்று கெஞ்சியும் அவள் வரவில்லை. அக்கா பார்த்தால் உங்கள் மேல்தான் பழி போடுவாள் என்று சட்டையால் மூடி மறைத்தாள். இதைச் சொன்னபோது அவர் அக்காவின் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

அன்றைக்கே இயந்திரம் ஓடத் தொடங்கியது. மஞ்சள் நீர் ஒரு பக்கம் வெளியேறியது, யார் யாரோ கொடுத்தது இன்னொரு பக்கம் உள்ளே போனது. உடம்பின் சந்தேகத்தை அடக்க மருந்தும் கொடுத்தார்கள். புதுப் புள்ளிகள் நின்றன. தட்டணுக்கள் மெல்ல ஏறின. ஒரு மத்தியானம் கண்ணைத் திறந்த தங்கை தன் காலைப் பார்த்து, “இங்க எவடி கிறுக்கினது?” என்று கேட்டாள். அக்காவை அவள் ‘டி’ போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. செக்கிங் அக்கா அழுதுகொண்டே சிரித்தாள்.

நடைவழியில் மாப்பிள்ளை தேநீர் வாங்கி வந்து நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு, புதுப் பூட்டு வாங்கி மாட்டியது வரை எல்லாவற்றையும் அவரிடம் ஒப்பித்தாள். கேட்காமலும் இருக்க முடியவில்லை.

“அன்னிக்கு வாசல்ல நான் அப்படிப் பேசினேன். நீங்க ஏன் மாப்பிள்ளை ஒரு வார்த்த சொல்லல?”

அவர் தன் கோப்பையை ஜன்னல் திட்டில் வைத்தார்.

“என் பேச்ச அவ கேக்கலக்கா. நீங்க சந்தேகப்பட்டா விடமாட்டீங்க, எப்படியும் டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போயிடுவீங்கன்னு நெனச்சேன். இடையில பூட்டுக்கடைக்குப் போவீங்கன்னுதான் நெனக்கல.”

அது உண்மைதானா, அல்லது அவள் மனம் நோகக்கூடாதென்று அந்த நேரத்தில் கட்டிச் சொன்னதா? அவள் அவர் முகத்தை ஏற இறங்கப் பார்த்தாள். கண்ணைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. இந்த நோய் திரும்பவும் வரலாம், சின்னப் புள்ளி தெரிந்தாலும் உடனே கூட்டி வாருங்கள் என்று மருத்துவர் இருவரிடமும் சொல்லியிருந்தார்.

“இனிமே அவ கை கால நீங்களும் பாருங்க, நானும் பாக்கறேன்” என்றாள். அவர் தலையாட்டினார். அது அடக்கமா வேறெதுவுமா என்று அவள் துருவப் போகவில்லை.